மழைக்காலத்தில் மாடு தின்னும் இடத்துக்கு என்ன தரை போடலாம்? வடசென்னைக் கொட்டில்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அந்த இரண்டு மாதமும் மாட்டுக் கொட்டிலில் படுமோசமாகிப் போகிற இடம் ஒன்றுதான்: தீவனத் தொட்டிக்கு எதிரே மாடு நிற்கும் ஆறேழு அடி. தின்பதும் அங்கே, சாணி போடுவதும் அங்கே, மூத்திரம் விடுவதும் அங்கே. மண் தரையாக இருந்தால் பத்து நாள் மழையில் அது சேறாகி, குளம்பு பதிந்த குழி ஒவ்வொன்றிலும் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும். மாடு பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்து, நிற்க இடம் தேடிக்கொண்டே தின்னும்.

ஓயாமல் ஈரத்தில் நிற்கும் குளம்பு இளகிவிடும். குளம்பிடுக்கில் புண் வரும், புண் அழுகலாகும், மாடு நொண்டும். சேற்றிலேயே படுத்தால் மடிக்காம்பு வழியாக அழுக்கு ஏறி மடிநோய் வரும். கால் வலிக்கிற மாடு தொட்டிக்கு வரவே யோசிக்கும். தீனி குறைந்தால் பால் குறையும். மார்கழியில் மருந்துக்கும் ஊசிக்கும் செலவழிக்கும் பணத்தைக் கணக்குப் பார்த்தால், தரைக்குச் செலவழிப்பது பெரிதாகவே தெரியாது.

மாதவரம், புழல், கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் மூன்று, ஐந்து, எட்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய பண்ணைக்காரர்களுக்குப் பொறியாளர் இருப்பார். இவர்களுக்குக் கொத்தனாரும், கையிலிருக்கும் பணமும்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்கிற பணத்தைக் கொட்டில் முழுக்கப் பரப்பாதீர்கள். தொட்டியை ஒட்டிய பட்டைக்கு மட்டும் நல்ல கான்கிரீட் போடுங்கள். மாடு உலாவும் மீதி இடத்துக்கு ஜல்லியும் குவாரி டஸ்ட்டும் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) போதும். இடம் வாடகை என்றால் மட்டும் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் தண்ணீர், பிறகுதான் தரை

எந்தப் பொருள் போட்டாலும் கூரைத் தண்ணீர் அதன் மேலேயே கொட்டினால் காசு வீண். 300 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 700 லிட்டர் தண்ணீர் இறங்கும். நம் ஊரில் ஒரே நாளில் நான்கு அங்குலம் பெய்வது அதிசயமே இல்லை. அத்தனையும் ஷீட்டின் ஓரத்திலிருந்து மாட்டின் முதுகுக்குப் பின்னால் விழுந்து தோண்டினால் எந்த ஜல்லி நிற்கும்? பெரிய பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கூரை ஓரத்தில் மாட்டி, தண்ணீரை ஒரு பக்கமாக வெளியே தள்ளுங்கள். முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, நம் வீடும் கொட்டிலும் பள்ளமாகிப்போன தெருக்கள் இங்கே எத்தனையோ. அப்படிப்பட்ட இடத்தில் தரை போடுவதற்கு முன் மண் நிரப்பி மேடாக்காமல் வேறு வழியில்லை. தெருவை விட ஓர் அடியாவது உயரம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி வெள்ளத்துக்கு எந்தத் தரையும் பதில் இல்லை, மாட்டை மேட்டுக்கு ஓட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு எது மிஞ்சும் என்பது தரையைப் பொறுத்தது. கான்கிரீட்டைக் கழுவிவிட்டு மறுநாளே மாட்டைக் கட்டலாம். கிராவல் கரைந்து தெருவுக்குப் போயிருக்கும்.

மூன்றாவது, அடிமண். காசிமேடு, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்குக் கீழே மணல். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பள்ளமும் களியும். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் மணல் பாங்கு, மலிவான தரையே தாங்கும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் களி. களிமண் மேல் எதைக் கொட்டினாலும் முழுங்கிவிடும், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

கிராவல், இடிபாடு, சாம்பல்: மலிவானவை

செம்மண் கிராவல் ஒரு லோடு அடித்துவிட்டால் முதல் மழை வரை பார்க்க அழகாக இருக்கும். பிறகு சாணியும் மூத்திரமும் கலந்து அதுவே சிவப்புச் சேறாகும். மேடாக்குவதற்கு நிரப்பு மண்ணாக மட்டும் கிராவலைப் பயன்படுத்துங்கள், மேல்தரையாக வேண்டாம்.

கட்டட இடிபாடு நகரத்தில் கிட்டத்தட்ட இனாமாகவே கிடைக்கும். வீடு இடிக்கிறவர் “நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்பார். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: தீனி விழும் இடத்தில் இடிபாட்டைக் கொட்டவே கொட்டாதீர்கள். ஆணி, கண்ணாடித் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பி கட்டும் பைண்டிங் கம்பியின் துணுக்குகள் அதில் நிச்சயம் இருக்கும். மாடு உதட்டாலும் பல்லாலும் பொறுக்கித் தின்னும் பிராணி இல்லை. நாக்கால் சுழற்றி வாரி அப்படியே விழுங்கிவிடும். உள்ளே போன கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கு மிக அருகில், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம், இதயம். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கம்பி குத்தி முன்னேறும். மாடு முதுகை வளைத்து நிற்கும், தீனி எடுக்காது, பால் சட்டென்று இறங்கும். இதயத்தைக் குத்திவிட்டால் மாடு தேறுவது அரிது. ஒரு லோடு ஜல்லியின் விலையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பால் மாட்டையே இழப்பது என்ன கணக்கு?

கொடுங்கையூரில் இடிபாட்டை உடைத்துச் சலித்துத் தரும் ஆலை மாநகராட்சிக்காக இயங்குகிறது. அப்படி இரும்பு பிரித்துச் சலித்த துகளை, மேலே கான்கிரீட் போடப் போகிற இடத்தில் அடிநிரப்பாகப் போடலாம். அதோடு அதன் வேலை முடிந்தது.

நமக்கே உரிய இன்னொரு மலிவுப் பொருள் அனல் மின் நிலையச் சாம்பல். செங்கல்லாக வரும்போதும் சிமென்ட்டில் கலந்து வரும்போதும் அது நல்ல பொருள். அப்படியே தரையில் கொட்டிப் பரப்பினால் காய்ந்ததும் பறக்கும், மூச்சில் ஏறும். நிலக்கரியில் இருந்த ஈயம், ஆர்செனிக் போன்றவை சாம்பலில் சிறிதளவு தங்கும். தொட்டியிலிருந்து கீழே சிந்திய வைக்கோலையும் தவிட்டையும் மாடு நக்கித் தின்னுமே, அதனால் தொட்டிப் பக்கம் சாம்பல் கூடாது.

ஜல்லியும் குவாரி டஸ்ட்டும்

மாடு சும்மா நிற்கவும் உலாவவும் படுக்கவும் இருக்கிற பின்பக்கத்துக்கு, செலவுக்கும் பலனுக்கும் இதைப் போலப் பொருந்துவது வேறில்லை. சேற்று மண்ணை முதலில் வழித்தெடுத்துவிட வேண்டும். அதன் மேல் 40 எம்எம் ஜல்லி ஆறு அங்குலம், திமிசு போட்டு இடித்த பிறகு குவாரி டஸ்ட் இரண்டு அங்குலம், தண்ணீர் தெளித்து மறுபடியும் இடிப்பு. டஸ்ட்டைச் சிக்கனம் பிடித்து விட்டுவிடாதீர்கள். வெறும் ஜல்லியின் கூர் குளம்பின் அடிப்பகுதியை நசுக்கும், இரண்டு குளம்புக்கும் நடுவே கல் மாட்டிக்கொள்ளும்.

களிமண் இடத்தில் இந்த ஜல்லி ஒரே மழைக்காலத்தில் காணாமல் போய்விடும். மாட்டின் எடை ஜல்லியைக் கீழே அழுத்த, களி இடுக்கு வழியே மேலே பிதுங்கி வரும். இதைத் தடுக்க ரோடு போடுகிறவர்கள் விரிக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை ஜல்லிக்கு அடியில் விரிக்க வேண்டும். கம்பளி போலத் தடிமனான செயற்கை நாரில் ஆனது. தண்ணீரைக் கீழே விடும், களியை மேலே விடாது. துண்டு துண்டாக விரித்தால் ஓரடியாவது ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும்.

பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. பேனர் தண்ணீரைக் கீழே விடாமல் மேலேயே தேக்கும், ஜல்லியும் அதன் மேல் வழுக்கி நகரும். துணி வாங்க முடியாதவர்கள் நெய்த பிளாஸ்டிக் தீவனக் கோணிகளைப் பிரித்து இரட்டையாக விரிக்கலாம். துணிக்கு அது ஈடாகாது, ஆனாலும் ஒன்றிரண்டு மழைக்காலம் தாக்குப்பிடிக்கும். ஓரம் எங்கும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் மாடு இழுத்து மென்றுவிடும்.

20 அடிக்கு 10 அடி இடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு அங்குல ஜல்லிக்குச் சரியாக 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். இடித்தால் இறங்கும் என்பதால் ஒன்றேகால் யூனிட் சொல்லுங்கள். டஸ்ட் 40 முதல் 45 கன அடி. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே அளவுகளை மட்டும் தருகிறேன், உங்கள் பக்கத்து டிப்போ விலையைப் பெருக்கிக்கொள்ளுங்கள். சாணி வழிக்கும்போது மண்வெட்டியோடு டஸ்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வருஷா வருஷம் புரட்டாசியில் ஓர் அங்குலம் மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை ஏன் தொட்டிப் பக்கமும் போடக்கூடாது? சாணியும் சிந்திய தீனியும் கலக்கும் இடத்தை நாளுக்கு இரண்டு வேளை கழுவியாக வேண்டும். டஸ்ட் தரையைக் கழுவ முடியாது. கழுவாமல் விட்டால் புளித்து நாறும், ஈ மொய்க்கும். நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து நிற்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கான்கிரீட்: எவ்வளவு, எப்படி

ஐந்து மாட்டுக்கு, மாட்டுக்கு நான்கடி அகலம் என்று 20 அடி நீளம். மாடு நிற்க ஆறடி, பின்னால் ஓரடி வாய்க்கால், மொத்தம் ஏழடி. ஆக 140 சதுர அடி. இந்தப் பட்டையில் நான்கு அங்குலக் கான்கிரீட் போட, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில், சிமென்ட் எட்டு ஒன்பது மூட்டை, எம்-சாண்ட் 20 கன அடி, 20 எம்எம் ஜல்லி 40 கன அடி ஆகும். ஐந்து மாட்டுக் கொட்டில் முழுக்கவும் கான்கிரீட் போட நினைப்பவர்கள், இந்த அளவைப் பார்த்துவிட்டு மறுபடி யோசிக்கலாம். கம்பி கட்டத் தேவையில்லை. நன்றாக இடித்த அடித்தளம் இருந்தால் மாட்டின் எடைக்கு வெறும் கான்கிரீட்டே போதும். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கலவை போடாதீர்கள், லாரித் தண்ணீராவது வாங்குங்கள்.

சாய்வு 40 அடிக்கு ஓரடி என்ற வீதத்தில், அதாவது ஆறடிக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, தொட்டியிலிருந்து வாய்க்காலை நோக்கி. இதைவிடக் குறைந்தால் மூத்திரம் நிற்கும், கூடினால் சினைமாடு நிற்கச் சிரமப்படும்.

மேல்பூச்சில்தான் பல பேருடைய கான்கிரீட் கெட்டுப்போகிறது. கொத்தனாருக்கு வழவழவென்று தேய்த்துக் கொடுத்தால்தான் மனசு ஆறும். கரணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவரை நிறுத்தச் சொன்னபோது ஒரு மேஸ்திரி என்னிடம், “இன்னா சார், தரைய இப்டி சொரசொரன்னு வுட்டா நாளைக்கு எம்பேரு கெட்டுப்பூடும்” என்றார். அவர் வருத்தம் நியாயமானது, மனிதர்கள் நடக்கும் வீட்டுக்கு. சாணி படிந்த வழவழத் தரையில் மாட்டுக்குப் பின்னங்கால் இரண்டும் அகன்று விழுந்தால் இடுப்பு போய்விடும், பிறகு எழுந்திருக்காது. அவருக்கு அதை எடுத்துச் சொன்னதும் தென்னந்துடைப்பத்தை ஈரக் கான்கிரீட் மேல் ஒரே சீராக இழுத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். அதோடு நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில், பைப்பை அழுத்திச் சாய்கோட்டுக் கட்டங்கள் போட்டால் குளம்புக்கு நல்ல பிடிப்பு. கோடு தொட்டிக்கு இணையாக மட்டும் இருந்தால் மூத்திரம் அதிலேயே நின்றுவிடும், அதனால் சாய்கோடு.

பத்து நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள், அதுவரை மாட்டை ஏற்றாதீர்கள். ஏற்றும் முன் தேங்காய் அளவு செங்கல்லால் மேலே ஒரு முறை தேய்த்து, இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவிவிடுங்கள். புதுக் கான்கிரீட்டில் காரம் உண்டு, கூரும் உண்டு. இரண்டும் ஈரக் குளம்பை அரிக்கும்.

கான்கிரீட்டின் குறை, கடினம். இருபத்து நான்கு மணி நேரமும் அதிலேயே நிற்கவும் படுக்கவும் வைத்தால் முழங்காலில் காய்ப்பும் வீக்கமும் வரும். பட்டையாக மட்டும் போடச் சொல்வதற்குச் செலவு பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி. தின்றுவிட்டுப் பின்னால் போய் மெத்தென்ற இடத்தில் படுக்கட்டும்.

செங்கல், கல், ரப்பர்

செங்கல் தரை நம் பழைய கொட்டில்களில் உண்டு. படுக்கையாக வைத்தால் அந்த 140 சதுர அடிக்குச் சுமார் 450 கல், பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் 650. படுக்கை வைத்தது குளம்புக்குத் தாங்காது, உடையும். நிறுத்தி வைத்து, இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்தால் பல வருஷம் வரும், வழுக்காது. ஆனால் சாதாரணச் செங்கல் மூத்திரத்தைக் குடிக்கும், நாற்றம் போகாது. 650 கல்லும் சிமென்ட்டும் கூலியும் சேர்த்தால் கான்கிரீட்டை விட அப்படி ஒன்றும் மலிவாக வராது. வீட்டில் பழைய கல் சும்மா கிடந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கடப்பா கல் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், அவ்வளவுதான்.

இன்டர்லாக் பேவர் பிளாக் வாடகை இடத்துக்கு நல்ல பொருள். டஸ்ட் படுகையின் மேல் 80 எம்எம் கல்லாக அடுக்கி, ஓரத்துக்குக் கட்டை கட்டிவிட்டால் பிடிப்பும் இருக்கும், கழுவவும் செய்யலாம். காலி செய்யும்போது பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். குறை, இடுக்கு வழியாக மூத்திரம் இறங்கிப் படுகை ஊறும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெயர்த்து மட்டம் பார்க்க வேண்டியிருக்கும்.

ரப்பர் மேட் தரை அல்ல, தரைக்கு மேலே விரிப்பது. சேற்றின் மேல் போட்டால் நழுவும், அடியில் புழு வைக்கும். கான்கிரீட் போட்ட பிறகு பணம் மிஞ்சினால் முதலில் சினைமாட்டுக்கும் கால் வலி மாட்டுக்கும் வாங்குங்கள். காயலான் கடையில் நிலக்கரி ஏற்றும் பழைய கன்வேயர் பெல்ட் கிடைத்தால் பாதி விலையில் முடியும். வாங்கும் முன் வெட்டிய ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சில பெல்ட்டின் உள்ளே எஃகுக் கம்பி ஓடும், அது பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தால் இடிபாட்டில் சொன்ன அதே ஆபத்து. உள்ளே துணி வைத்த பெல்ட்தான் வேண்டும். மேல்பரப்பு மழமழப்பாக இருந்தால் கோடு கீறிக்கொள்ளுங்கள்.

படுக்கும் இடத்துக்கு வைக்கோல், மரத்தூள், தென்னை நார்க்கழிவு எது போட்டாலும் உலர்ந்ததாக இருக்கட்டும். ஈரப் பச்சை மரத்தூளில் மடிநோய்க் கிருமி சுலபமாகப் பெருகும். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற முடியாதவர்களுக்கு மணல்தான் நல்லது.

யாருக்கு எது

சொந்த இடம், களிமண்: கான்கிரீட் பட்டை, பின்னால் துணி விரித்து ஜல்லியும் டஸ்ட்டும். இதில் எதையாவது தள்ளிப்போட வேண்டுமென்றால் பின்பக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். சொந்த இடம், மணல்: பட்டை மட்டும் போதும். பின்பக்கம் மணலே படுக்கை, சாணியை மட்டும் ஒழுங்காக எடுத்துவிட்டால் சரி.

வாடகை இடத்தில் கான்கிரீட் போடுமுன் வீட்டுக்காரரிடம் எத்தனை வருஷம் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மூன்று வருஷத்துக்குக் குறைவு என்றால் பேவர் பிளாக். அதற்கும் வழியில்லையென்றால் டஸ்ட் தரையின் மேல் தொட்டியோரம் கன்வேயர் பெல்ட்.

வாய்க்கால் தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது கால்வாய் வழியாகக் கடலுக்குப் போவது. சாணி அடைத்தால் அடுத்த மழையில் நம் தெருவே மூழ்கும். ஒரு தொட்டி கட்டித் தேக்கிச் செடி வளர்க்கிறவர்களுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு.

வேலையை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும், கான்கிரீட் காய அதற்கு முன் ஒரு மாதமாவது வேண்டும்.

இதைப் படிக்கும்போதே மழை பிடித்துவிட்டதென்றால் இந்த வருஷம் கான்கிரீட்டை மறந்துவிடுங்கள். கொட்டிலுக்குள் இருப்பதில் மேடான பக்கத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். சேற்றை வழித்துவிட்டு, கோணி விரித்து, அரை யூனிட் ஜல்லியும் மேலே டஸ்ட்டும் தொட்டி முன்னால் மட்டும் அடியுங்கள். வாரம் இரண்டு முறை குளம்பைக் கழுவித் துடைத்து, ஐந்து சதவீத மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் கால் நனைத்து விடுங்கள். அந்தத் தண்ணீரை மாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம். தையில் தரை காய்ந்ததும் இந்த ஜல்லியே கான்கிரீட்டுக்கு அடித்தளமாகிவிடும், போட்ட காசு போகாது.